மழைநாட்டில் மரம் காப்பவர்களுக்கு: குருவிட்டவில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

இரத்தினபுரி மாவட்டத்துக் குருவிட்டவில் மரம் நடுவதற்கு ஆள் தேட வேண்டியதில்லை. சுற்றாடல் தினம் வந்தால் பாடசாலையில் நடுகிறார்கள், கோயிலில் நடுகிறார்கள், விகாரையில் நடுகிறார்கள். நட்ட கன்றை இரண்டாம் மழைக்குப் பிறகு போய்ப் பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை. அந்த வேலைக்கு ஒரு சங்கம் வேண்டும். லாபம் பார்க்காமல், ஊர்க்காரர்களே நடத்தி, மரக்கறி போடுகிறவர்களுக்கும் மரம் வைத்திருப்பவர்களுக்கும் தோள் கொடுக்கிற சின்னச் சங்கமாக இருந்தால் போதும்.

இந்தப் பக்கத்தில் மனிதர் மரத்தை நம்பிச் சாப்பிட்ட கதை மிகப் பழையது. சிவனொளிபாத மலைக்கு எரத்ன வழியாகப் போகும் பாதை குருவிட்டவில்தான் பிரிகிறது. அந்த அடிவாரத்தில் பட்டதொம்பலென என்ற குகை இருக்கிறது. அதன் பழைய மண்படைகள் 30,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. அங்கே வாழ்ந்த மனிதர்கள் கெக்குணக் கொட்டையும் காட்டு ஈரப்பலாவும் காட்டு வாழையும் தின்ற தடயங்களைத் தொல்லியலாளர்கள் தோண்டி எடுத்திருக்கிறார்கள். அதே மலைச்சாரலில், அதே மழையில், தோட்டத்து லயங்களில் வாழ்ந்த சனம் பட்டினி கிடந்த காலமும் உண்டு. 1973, 74 பஞ்சத்தில் அரிசியும் மாவும் கிடைக்காமல் போனபோது தோட்டப்புறங்களில் இறப்பு வீதம் சட்டென்று ஏறியது. கிராமத்தவருக்குக் கொல்லையில் ஒரு பலா இருந்தது. லயத்துக்குப் பின்னால் இருந்த மண்ணோ தோட்டத்துடையது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டபோதும் நாள்சம்பளக் குடும்பங்கள்தான் முதலில் தட்டைக் குறைத்தன.

ஆகவே இப்படி ஒரு சங்கம் பொழுதுபோக்கு வேலை ஆகாது. தொடங்க நினைக்கிற தம்பி தங்கைகளுக்கும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கும், தோட்டத்தில் பேர் போட்டு உழைத்து ஓய்ந்த பெரியவர்களுக்கும் சொல்ல வேண்டியவற்றைக் கீழே எழுதுகிறேன். சில நீளமாக இருக்கும். அங்கேதான் கன்றுகள் அதிகம் சாகின்றன.

செய்ய வேண்டியவை

முதலில் நிலம் யாருடையது என்று கேளுங்கள். பெருந்தோட்டக் கம்பனிகள் 1992இல் முகாமைக்கு எடுத்த தோட்டங்களில் நிலம் அரசுடையது, கம்பனிக்குக் குத்தகை. குருவிட்டவைச் சுற்றித் தனியார் தோட்டங்களும் நிறைய உண்டு. எந்தத் தோட்டமானாலும் லயத்துக்குப் பின்னால் கீரை, கொச்சி, கத்தரி போட்டால் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. பலா வைத்தால் கேள்வி வரும், ஏனென்றால் நாற்பது வருடம் நிற்கும் மரம் நாற்பது வருட உரிமையைப் பேசும். இதைத் துரைமாரும் அறிவார்கள், தொழிலாளரும் அறிவார்கள். எனவே கன்று வாங்குவதற்கு முன் தோட்ட நிர்வாகத்திடம் ஒரு கடிதம் வாங்குங்கள். எந்த இடத்தில் எத்தனை மரம், பராமரிப்பது எந்தக் குடும்பம், காய் யாருக்கு, குடும்பம் இடம் மாறினால் என்ன செய்வது என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். அதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, ஒரு பிரதியைக் குடும்பத்தின் கையில் கொடுங்கள். சங்கம் தரக்கூடிய உதவிகளில் இந்தக் காகிதம்தான் மிகப் பெரியது என்பது என் எண்ணம். ஓர் அம்மா தன் பேரில் கடிதம் இருக்கிற மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதும் உரம் வைப்பதும் வேறு மாதிரி இருக்கும்.

நடப்போகும் இடத்தில் முன்பு என்ன நின்றது என்று விசாரியுங்கள். குருவிட்டப் பக்கத்தில் காலியாகக் கிடக்கிற துண்டு நிலம் பழைய இறப்பர் மலையாக இருக்க வாய்ப்பு அதிகம். இறப்பரைக் கொல்லும் வெள்ளை வேர் நோய் ஒரு பூஞ்சணம். மரத்தை வெட்டினாலும் மண்ணுக்குள் இருக்கும் அடிக்கட்டையில் அது வருடக்கணக்கில் உயிரோடு இருக்கும். அந்தக் கட்டையைத் தொடுகிற புதிய வேரில் ஏறும். பலா, ஈரப்பலா, மரவள்ளி, தேயிலை எல்லாவற்றையும் தாக்கும். வேரின் மேல் ஒட்டிப் படர்ந்த வெள்ளை நூல்கள், மழைக்காலத்தில் அடிமரத்தில் தட்டுத் தட்டாக முளைக்கும் செம்மஞ்சள் காளான் ஆகிய இரண்டும் இதன் அடையாளம். இலை மஞ்சளாகிச் சுருளும்போது மரத்துக்கு வழி பெரும்பாலும் முடிந்திருக்கும். ஆகவே குழி வெட்டும்போது பழைய கட்டை, வேர்த் துண்டுகளை முழுக்கத் தோண்டி எடுத்து, காயவைத்து எரித்துவிடுங்கள். சந்தேகமுள்ள இளம் மரத்தின் கழுத்தைச் சுற்றிக் காய்ந்த இலையைப் பரப்பி, இரண்டு மூன்று வாரம் கழித்து விலக்கிப் பார்த்தால் வெள்ளை நூல் இருந்தால் தெரியும். பார்த்த பிறகு அந்த இலையை எடுத்துவிட வேண்டும். நோய் கண்ட மரத்துக்கும் நல்ல மரத்துக்கும் இடையில் கான் வெட்டி வேர்த் தொடர்பை அறுங்கள். குழிக்குக் கந்தகம் போடும் அளவை ஊகிக்க வேண்டாம். இறப்பர் ஆராய்ச்சி நிறுவனத்தின் உபநிலையம் ஒன்று குருவிட்டவிலேயே இருக்கிறது. இந்த வசதி நாட்டில் எத்தனை ஊருக்குக் கிடைத்திருக்கிறது? போய்க் கேளுங்கள்.

மேட்டில் நடுங்கள். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். இயற்கை விவசாயத்தில் ஆர்வம் கொண்ட நம் இளைஞர்கள் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்துதான் கற்கிறார்கள். நம்மாழ்வார் 1969இல் கோவில்பட்டி ஆராய்ச்சி நிலைய வேலையை விட்டு, ஊர் ஊராக நடந்து, கடைசியில் கரூர் மாவட்டம் கடவூரில் வானகத்தை உருவாக்கினார். வறண்ட மண்ணில் ஒவ்வொரு துளி மழையையும் பிடித்து வைக்கும் வித்தையை அங்கே கற்கலாம். அவர் மீது எனக்கு மதிப்பு மிக அதிகம். ஆனால் அந்த வித்தையில் பாதி குருவிட்டவுக்குப் பொருந்தாது. இரத்தினபுரிப் பக்கத்தில் ஆண்டு மழை 3,500 மில்லிமீற்றரைத் தாண்டும். இங்கே மரத்தைச் சுற்றி வட்டப் பாத்தி கட்டினால் அது குளமாகும். வேர் மூச்சு முட்டும், கழுத்து அழுகும். பலாவுக்குத் தேங்கிய தண்ணீர் ஆகவே ஆகாது. குழி வெட்டி மண்ணை இளக்கி, மறுபடி நிரப்பி, சுற்றுப்புறத்தைவிட ஒரு சாண் உயர்த்திய மேட்டில் கன்றை வையுங்கள். தண்டு வேராக விரிகிற இடம் மண்ணுக்கு மேலே கண்ணில் பட வேண்டும். மூடாக்கு போடுவது நல்லது, மழை அறைந்து மண் அரிப்பதைத் தடுக்கும். ஆனால் தண்டிலிருந்து ஒரு கை அகலம் விட்டுப் போடுங்கள். மரக்கறிக்கும் இதே விதிதான்: உயர்த்திய பாத்தி, பாத்திக்கு இடையில் தண்ணீர் ஓட வழி.

கன்றைப் பையிலிருந்து எடுத்ததும் வேரைப் பாருங்கள். பொலித்தீன் பையில் நீண்ட நாள் இருந்த கன்றின் வேர் வட்டமாகச் சுற்றியிருக்கும். சுற்றிய வேரை விரித்துவிடுங்கள், முடியாததை வெட்டிவிடுங்கள். அப்படியே நட்டால் பத்து வருடம் கழித்துக் காற்றில் சாய்வது அந்த மரம்தான்.

பால் வெட்டுகிறவரை மரம் பார்ப்பவராக ஆக்குங்கள். எங்கள் தோட்டங்களில் பட்டையைப் பற்றி அவரைவிட அறிந்தவர் இல்லை. கத்தி எவ்வளவு ஆழம் போகலாம், எந்த மில்லிமீற்றரில் மரத்தைத் தொட்டுக் காயமாகிவிடும் என்பது அவர் கைக்குத் தெரியும். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய உயிர்ப்படையைக் காப்பாற்றியபடியே தினமும் பால் எடுக்கிறவர் அவர். அந்தக் கைக்குக் கவ்வாத்தையும் கற்றுக்கொடுங்கள். பெரிய கிளையை ஒரே வெட்டில் இறக்கினால் அது விழும்போது பட்டையை உரித்துக்கொண்டு போகும். முதலில் ஒரு முழம் தள்ளி அடியில் பாதி வெட்டு, அதற்கு அப்பால் மேலிருந்து முழு வெட்டு, பிறகு மிஞ்சிய கட்டையைக் கிளையின் அடியில் வளையமாகப் புடைத்திருக்கும் இடத்துக்குச் சற்று வெளியே ஒரு சுத்தமான வெட்டு. அந்த வளையத்தை வெட்டவும் கூடாது, நீளக் கட்டை விடவும் கூடாது. அமெரிக்க வனநோய் ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ 1970களில் ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்துச் சொன்ன உண்மை இது: மரம் காயத்தை ஆற்றுவதில்லை, அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது. அந்தச் சுவர் எழுவது வளையத்திலிருந்துதான். மேலே பூசுகிற தாரோ பெயின்றோ அழுகலைத் தடுப்பதில்லை. தென்னை வேறு சாதி. அதன் தண்டில் பட்ட காயத்தைத் திறந்து விட்டால் செவ்வண்டு தேடி வந்து முட்டையிடும், அங்கே மூடிப் பூசத்தான் வேண்டும். கவ்வாத்துக்கு இந்தப் பகுதியில் ஜனவரி முதல் மார்ச் தொடக்கம் வரை மழை குறைந்த நாட்கள் நல்லவை. ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகுமுன் கத்தியைச் சுத்தம் செய்யுங்கள்.

பால் வெட்டு பாதி நேரம் மழையில் நின்றுவிடுகிறது. 2019 முதல் வட்டப்புள்ளி இலைநோய் வேறு இறப்பரின் இலையை உதிர்த்து வருமானத்தைக் குறைத்திருக்கிறது. பழ மரங்களைக் கவ்வாத்துச் செய்யும் வேலைக்கு ஊரில் கூலி கிடைத்தால் அந்தக் குடும்பங்களுக்கு அது சின்ன விஷயமில்லை.

பலாவுக்கும் ஈரப்பலாவுக்கும் முதல் இடம் கொடுங்கள். ஆர்தர் வீ. டயஸ் என்ற பாணந்துறைக்காரர் 1915 கலவரக் காலத்தில் சிறைக்குப் போனவர். வெளியே வந்த பிறகு நாடு முழுக்கப் பலா நடச் சொல்லி ஓர் இயக்கமே நடத்தினார். சிங்கள மக்கள் அவரை இன்றும் ‘கொஸ் மாமா’ என்று அன்போடு நினைக்கிறார்கள். அரிசி வராத நாளில் சோறாக நிற்கக்கூடிய மரம் அது என்று அவர் கண்டார், அது உண்மையென்று பிறகு வந்த பஞ்சங்கள் காட்டின. பிஞ்சில் கறி, முற்றினால் அவியல், பழுத்தால் பழம், கொட்டையை மணலில் புதைத்து வைத்தால் மாதக்கணக்கில் உணவு. சங்கம் ஒன்று கூடுதலாகச் செய்யலாம். காய் மிஞ்சி அழுகும் மாதங்களில் சுளையை அவித்து உலர்த்திச் சேமிக்கும் முறையைக் கிராமத்து ஆச்சிமாரிடம் கேட்டு லயத்துப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். இந்த மழையில் வெயிலை மட்டும் நம்ப முடியாது. அடுப்புக்கு மேல் பரணில் உலர்த்துவதையும் கேட்டுப் பழகுங்கள்.

கிராமத்துத் தோட்டத்தைப் போய்ப் பாருங்கள். மேலே பலாவும் கித்துளும், நடுவில் கமுகும் கோரக்காவும் ரம்புட்டானும், கமுகில் ஏறிய மிளகு, கீழே சேம்பும் மஞ்சளும் வல்லாரையும். காட்டின் அடுக்கை அப்படியே உணவாக மாற்றிய ஏற்பாடு அது. சூழலியலாளர் ரணில் சேனாநாயக்க 1980களிலிருந்து பண்டாரவளைப் பக்கம் பெலிபொலவில், கைவிடப்பட்ட தேயிலை நிலத்தில் இந்த அடுக்கைப் பின்பற்றி மரங்களை எழுப்பிக் காட்டினார். அந்த முறையை இன்று பல நாடுகளில் படிக்கிறார்கள். குருவிட்டவில் அதைப் பார்க்கப் பயணம் போக வேண்டியதில்லை, பக்கத்துக் கிராமத்து வேலியைத் தாண்டினால் போதும். போய்க் கேட்டால் கன்றும் தருவார்கள், தேநீரும் தருவார்கள். தோட்டத்துக்கும் கிராமத்துக்கும் இடையில் பேச்சு நடப்பது மரத்துக்கு மட்டுமான நன்மையில்லை.

மண்ணின் புளிப்பைக் கவனியுங்கள். கனமழை சுண்ணாம்புச் சத்தைக் கழுவிவிடுவதால் இங்குள்ள செம்மண் புளித்தது. மரக்கறி மஞ்சளாக நின்றால் உடனே உரமூட்டை வாங்காமல் மண்ணைச் சோதித்து டொலமைட் போடுங்கள். உரத்தையும் டொலமைட்டையும் ஒரே நாளில் சேர்த்துப் போட வேண்டாம்.

சங்கத்துக்கு ஒரு மழைமானி வாங்குங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழிப்பு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு வைத்திருக்கும் அளவுகள். 2016 மே மாதம் அரநாயக்க சாமசரகந்த சரிந்ததும், 2017 மே மாதம் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்திலும் சரிவிலும் அடிபட்டதும் நமக்கு மறக்கக்கூடியவை இல்லை. மரம் பார்க்கப் போகிறவர்கள் மலையையும் பார்க்கிறார்கள். நேராக நின்ற மரங்கள் ஒரே பக்கம் சாய்வது, நிலத்தில் வெடிப்பு, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குவது ஆகியவற்றைக் கண்டால் மரக் கணக்கை அப்படியே வைத்துவிட்டு 117க்கு அழையுங்கள், லயத்தைக் காலி செய்யச் சொல்லுங்கள்.

நோயின் பெயர் தெரியாமல் மருந்து வாங்காதிருக்க, பெயர் சொல்லும் இடங்களை எழுதி ஒட்டுங்கள். விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனை இலக்கம் 1920. கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியர் இருக்கிறார். திணைக்களம் நடத்தும் பயிர்ச் சிகிச்சை முகாம்களுக்கு நோயுற்ற இலையையும் காயையும் எடுத்துப் போகலாம். தேயிலைக்கு இரத்தினபுரி சென் ஜோக்கிம் தோட்டத்தில் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் தாழ்நாட்டு நிலையம் இருக்கிறது. சிங்களத்தில் பேசத் தயங்குகிறவர்களோடு சங்கத்தில் ஒருவர் கூடப் போக வேண்டும். இந்தத் தயக்கத்தால் வாடிய மரங்களும் உண்டு.

போர்டோக் கலவையைச் சரியாகக் கலக்கப் பழகுங்கள். மிளகின் அடியழுகலுக்கு மழைக்கு முன் இது உதவும். 100 கிராம் செப்புச் சல்பேற்று, 100 கிராம் நீற்றுச் சுண்ணாம்பு, 10 லீற்றர் தண்ணீர். இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்ரிக் வாளியில் கரைத்து, செப்புக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றுங்கள். தீட்டிய கத்தியை முக்கி எடுத்தால் செந்நிறம் படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. அன்றே தெளிக்க வேண்டும்.

கூட்டத்தை வேலைக்குப் போகிறவர்களின் நேரத்தில் வையுங்கள். கொழுந்து பறிக்கும் அக்காமார் மாலையில் வந்து, தண்ணீர் பிடித்து, உலை வைக்க வேண்டும். ஐந்து மணிக்குக் கூட்டம் என்றால் ஆண்கள் மட்டுமே வருவார்கள், கீரைப்பாத்தி பற்றி முடிவெடுப்பவர்களும் அவர்களாகவே ஆகிவிடுவார்கள். போயா நாள் காலை நல்லது.

பதிவும் கணக்கும் முதல் மாதத்திலேயே. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின்படி தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் பதிய வேண்டும். சின்னச் சங்கம் என்றால் குருவிட்ட பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள். வங்கிக் கணக்குக்கு இருவர் கையெழுத்து, அவர்களில் ஒருவர் பெண். வரவு செலவை மாதா மாதம் இரண்டு மொழியிலும் ஒட்டுங்கள்.

எலிக்காய்ச்சலைப் பற்றிப் பேசுங்கள். வயலும் மாணிக்கக் குழியும் சேறும் நிறைந்த இரத்தினபுரி மாவட்டம் இந்த நோயால் நாட்டிலேயே அதிகம் பாதிக்கப்படும் மாவட்டங்களில் ஒன்று. காலில் வெட்டுக்காயத்தோடு சேற்றில் இறங்க விடாதீர்கள். மழைக்காலத்துக்கு முன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மாத்திரை பற்றிக் கேளுங்கள். பால் வெட்டு நின்ற மரங்களில் தொங்கும் சிரட்டைகளைக் கவிழ்த்து வைப்பதும் சங்கத்தின் வேலைதான், டெங்கு நுளம்பு அங்கே பெருகும்.

செய்யக்கூடாதவை

ஒரே கன்றை ஊர் முழுக்கக் கொடுக்காதீர்கள். நம் பாட்டன்மார் கப்பலேறி வந்தது கோப்பிக்காக. 1869இல் மடுல்சீமைப் பக்கம் இலைத்துரு தென்பட்டது. இருபது முப்பது வருடத்தில் இலங்கையின் கோப்பிப் பெருந்தோட்டங்கள் அழிந்தன. 1880இல் ஆராய வந்த மார்ஷல் வோர்ட், இடைவெளியின்றி ஒரே பயிரைப் பரப்பியதே நோய்க்குப் பாதை போட்டது என்று காட்டினார். நன்கொடையாளர் ஆயிரம் ஒட்டு ரம்புட்டான் தருகிறேன் என்று வந்தால், இருநூறு வாங்கிக்கொண்டு மிச்சத்துக்கு வேறு மரங்களைக் கேளுங்கள்.

தென் மாகாணத்திலிருந்து தென்னங்கன்றோ கமுகங்கன்றோ கொண்டுவராதீர்கள். வெலிகம தென்னை வாடல் நோய் 2006 முதல் அங்கே அறியப்பட்டது. நோய்ப் பிரதேசத்திலிருந்து பனைக் குடும்பத்துக் கன்றுகளை வெளியே எடுத்துச் செல்லச் சட்டத் தடை இருக்கிறது. உறவினர் அன்போடு ஏற்றி விடுகிற ஒரு கன்று போதும், இந்த மாவட்டத்துக்குள் அதைக் கொண்டுவந்து சேர்க்க.

ஒரே நாளில் உரத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. இடையில் நெல்லும் தேயிலையும் சரிந்ததை எல்லோரும் பார்த்தோம். எனக்கு இயற்கை வழியில் முழு நம்பிக்கை உண்டு. அதனாலேயே அந்த மாதங்கள் வருத்தமாக இருக்கின்றன, நல்ல வழியைக் கட்டளையாகப் போட்டு அதன் பேரைக் கெடுத்துவிட்டார்கள். கிளிரிசீடியா இலையும் கூட்டெருவும் மண்ணில் சேரச் சேரத்தான் மூட்டையைக் குறைக்கலாம். முதலில் கொல்லைப் பாத்தி, பிறகு மற்றது. குடும்பத்தின் வருமானத்தைப் பணயம் வைத்துப் பரிசோதனை செய்யச் சங்கத்துக்கு உரிமை இல்லை.

பலா, ஈரப்பலா மரங்களை அனுமதியின்றி வெட்டவோ வெட்ட ஆலோசனை சொல்லவோ கூடாது. 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டம் இவற்றைக் காக்கிறது. ஆபத்தான மரம் என்றால் கிராம உத்தியோகத்தர் வழியாகப் பிரதேச செயலகத்துக்கு எழுதுங்கள், எழுதும்போது படமும் வையுங்கள்.

பட்டையில் படிந்த பாசியைச் சுரண்டாதீர்கள். சாம்பல், பச்சை நிறத்தில் தண்டில் ஒட்டியிருப்பவை மழைநாட்டின் இயல்பு. மரத்திலிருந்து அவை எதையும் உறிஞ்சுவதில்லை. சுரண்டினால்தான் காயம். குருவிச்சை அப்படியில்லை. அது மரத்துக்குள் வேர் விட்டுச் சாற்றைக் குடிக்கிறது. இலையை மட்டும் ஒடித்தால் மீண்டும் வரும், பூப்பதற்கு முன் அது ஒட்டிய கிளையோடு வெட்டுங்கள்.

அன்பளிப்புப் பலகையை மரத்தில் ஆணி அடித்து மாட்டாதீர்கள். கம்பியும் கட்டாதீர்கள். மரம் பருக்கும், கம்பி பருக்காது.

எருக்குவியலைத் தென்னைக்குப் பக்கத்தில் திறந்து போடாதீர்கள். காண்டாமிருக வண்டின் புழு அழுகும் குப்பையிலும் இற்றுப்போன தென்னங்குற்றியிலும் வளர்கிறது. குவியலை மாதம் ஒருமுறை புரட்டினால் கோழிகள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

மாணிக்கக் குழி விடயத்தில் வாய் மூடி இருக்காதீர்கள். இந்த மாவட்டத்தில் இதைப் பேசுவது எளிதில்லை, எத்தனையோ வீட்டில் அடுப்பெரிவது அந்தக் குழியால்தான். தொழிலை எதிர்க்கச் சொல்லவில்லை. தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகாரசபை அனுமதி கொடுக்கும்போது குழியை மூடுவதற்கென்று வைப்புப் பணம் வாங்குகிறது. மூடாத குழி வேரை அந்தரத்தில் விடுகிறது, மழையில் கரையை இழுக்கிறது, குழந்தையை விழுங்குகிறது. மூடச் சொல்லிக் கேட்பது ஊரின் உரிமை. அனுமதி இல்லாத குழி என்றால் சங்கமாகச் சேர்ந்து முறையிடுங்கள், ஒரு குடும்பத்தைத் தனியே முன்னால் தள்ளாதீர்கள்.

செங்குத்துச் சரிவைக் கொத்தி மரக்கறி போட ஊக்குவிக்காதீர்கள். அங்கே மரமும் புல்லும் நிற்கட்டும். மிதமான சரிவில் போடுவதானால் சமமட்டக் கோட்டில் கிளிரிசீடியா வேலி வைத்து, அதற்குப் பின்னால் பாத்தி வெட்டுங்கள். கான்களை மழைக்கு முன் தூர் எடுங்கள்.

இலவசத்தை வழக்கமாக்காதீர்கள். கன்றுக்குச் சிறு விலை வையுங்கள், இல்லாதவர்களிடம் அதற்குப் பதிலாக ஒரு காலை உழைப்பு வாங்குங்கள். விதையை மட்டும் இலவசமாகக் கொடுக்கலாம், அறுவடையில் இரண்டு மடங்கு விதை திரும்பி வர வேண்டும் என்ற பேச்சோடு. பயற்றை, பாகல், கத்தரி, கொச்சி நாலும் இப்படியே ஊருக்குள் சுற்றட்டும்.

நட்ட எண்ணிக்கையை அறிக்கையில் எழுதாதீர்கள். நட்ட அன்று எல்லாக் கன்றும் உயிரோடுதான் இருக்கும். இரண்டாம் வருட முடிவில் எத்தனை நிற்கிறது, செத்தது எதனால், யாருடைய கடிதம் மதிக்கப்படாமல் போனது, எந்த வீட்டில் முதல் காய் கறியானது ஆகியவற்றை எழுதுங்கள். நன்கொடை தருகிறவர் நட்ட எண்ணிக்கையை மட்டும் கேட்டால் அவருக்கு இதை விளக்குங்கள். விளங்காவிட்டால் அந்தப் பணம் இல்லாமலே நடத்துங்கள்.

அடுத்த மழை தொடங்குவதற்குள் போன வருடம் உங்கள் ஊரில் நட்ட கன்றுகள் நின்ற இடத்துக்கு ஒரு கொப்பியோடு போய்வாருங்கள். உயிரோடு இருப்பவற்றின் கழுத்தில் குவிந்த மண்ணை விலக்கி, தண்ணீர் ஓடக் கான் வெட்டிக் கொடுங்கள். புதுக் கன்றுக்கு அதன் பிறகு காசு சேருங்கள்.